பாட்டு இலவசம்தான்... ஆனால் அதற்குக் காசு கொடுத்தது யார்?

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில், முந்திரித் தோப்புகளுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே இருக்கிறது காடாம்புலியூர். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு இந்தப் பக்கத்து இளைஞர்களுக்குப் புதுப் பட்டு வேண்டுமென்றால், பாட்டு வேண்டுமென்றாலும் சரி, போகும் இடம் பண்ருட்டிதான். துணிக்கடைக்கு அடுத்த செல்போன் கடையில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று ஒரு அட்டை தொங்கும். கையில் இருக்கும் கார்டை நீட்டினால் போதும். இளையராஜா ஒரு ஃபோல்டர், ரஹ்மான் ஒரு ஃபோல்டர், ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டு ஒரு ஃபோல்டர் என்று நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு இதே வேலையை கேசட் ரெக்கார்டிங் கடை செய்தது. ஒரு காலி கேசட், ஒரு முழுத்தாளில் எழுதிய பாட்டு லிஸ்ட். இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டிலும் கடைக்காரருக்குக் காசு போனது. பாட்டை எழுதியவருக்கும், மெட்டமைத்தவருக்கும், பாடியவருக்கும் ஒரு பைசாகூடப் போகவில்லை.

இன்று கடைக்கே போக வேண்டாம். போனில் படத்தின் பெயரை அடித்து, பக்கத்தில் ‘டவுன்லோடு’ என்று சேர்த்தால் பத்து இணையதளங்கள் வந்து நிற்கின்றன. ஒன்றைத் திறந்தால் பச்சை நிறத்தில் நான்கு பட்டன். எதை அழுத்தினாலும் வேறு எங்கோ போகிறது. ‘இந்த ஆப்பை நிறுவினால்தான் பாட்டு வரும்’ என்கிறது. வீட்டில் பிள்ளைகள் அதையும் அழுத்திவிடுகிறார்கள்.

இத்தனை சிரமம் தேவையே இல்லை. ஒரு ரூபாய் செலவில்லாமல், சட்டத்துக்கு உட்பட்டு, ஆயுள் முழுக்கக் கேட்டாலும் தீராத அளவுக்குப் பாட்டு இணையத்தில் இருக்கிறது. எது சரியான இடம், எது தவறான இடம் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் பாட்டு எனக்கு இலவசம் என்றால், எனக்குப் பதிலாகக் காசு கொடுத்தது யார்?

விளம்பரம் கொடுத்தவர், அரசாங்கம், உரிமையை விட்டுக்கொடுத்தவர், அல்லது உரிமைக் காலம் முடிந்த பழைய பதிவு. இந்த நான்கில் ஒன்று பதிலாக வந்தால் தாராளமாகக் கேட்கலாம். ‘யாருமே கொடுக்கவில்லை’ என்று வந்தால் விலகிவிடுவது நல்லது.

ஒரு பாட்டு, மூன்று சொந்தக்காரர்கள்

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். பாட்டு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது, சட்டத்தின் கண்ணில் மூன்று பொருள்கள். வரிகள் ஒன்று, மெட்டு இன்னொன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனியாகக் காப்புரிமை உண்டு. மூன்றுக்கும் வேறு வேறு சொந்தக்காரர்கள் இருக்கலாம்.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை இருக்கும். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இந்தக் கணக்கின்படி 1964 வரை வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலம் 2024-உடன் முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் இன்னும் ஓர் ஆண்டின் பதிவுகள் இந்தப் பட்டியலில் சேரும்.

காடாம்புலியூரைச் சுற்றியே இதற்கு உதாரணம் தேடலாம். வடக்கே பண்ருட்டி பக்கம் போனால் திருவாமூர், அப்பர் பிறந்த ஊர். அவர் முதல் பதிகம் பாடியது திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில். காலம் 7-ஆம் நூற்றாண்டு. தெற்கே நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். வள்ளலார் அங்கே சத்திய ஞான சபையை எழுப்பியது 1872-ல். தேவாரத்துக்கோ திருவருட்பாவுக்கோ இன்று யாரும் தனிச் சொந்தம் கொண்டாட முடியாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பாடலாம், அச்சிடலாம்.

ஆனால் அதே திருவருட்பாவை ஒரு பாடகர் பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஸ்டூடியோவில் பாடி ஒரு நிறுவனம் வெளியிட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவு அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் புதிய மெட்டு இருந்தால் அது இசையமைப்பாளருக்குச் சொந்தம். ‘சாமி பாட்டுதானே, இதற்கெல்லாமா காப்பிரைட்?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வரிகள் பொது. குரலும் பதிவும் பொது அல்ல.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சிதம்பரத்து நந்தன் கதையைச் சொல்லும் ஜெமினியின் ‘நந்தனார்’ படம் 1942-ல் வந்தது. நந்தனாராக நடித்துப் பாடியவர் எம்.எம்.தண்டபாணி தேசிகர். பிற்காலத்தில் இதே மாவட்டத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். அந்தக் காலத்து இசைத்தட்டின் உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால், படத்தில் பாட்டெழுதியவர்களில் ஒருவரான பாபநாசம் சிவன் இறந்தது 1973-ல். அவருடைய பாடல்களுக்கான உரிமை 2033 முடியும் வரை இருக்கிறது. பழைய படம் என்பதாலேயே பாட்டு பொதுச் சொத்தாகிவிடாது.

கடலூர்ச் சிறையில் இருந்த கவிஞர்

உரிமையை விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. அதன் நாயகருக்கும் கடலூருக்கும் ஒரு கசப்பான தொடர்பு உண்டு.

புதுச்சேரியில் பத்து ஆண்டுகள் இருந்த சுப்பிரமணிய பாரதி, 1918 நவம்பரில் அங்கிருந்து கிளம்பி ஆங்கிலேயர் எல்லைக்குள் கால் வைத்ததும் கைது செய்யப்பட்டார். மூன்று வாரங்களுக்கு மேல் கடலூர்ச் சிறையில் இருந்துவிட்டு டிசம்பரில் விடுதலையானார். 1921-ல் இறந்தபோது அவருக்கு வயது 39-கூட நிறையவில்லை. குடும்பத்துக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து அவருடைய எழுத்து மட்டும்தான்.

அந்தச் சொத்து பிறகு கை மாறியது. நூல்களை வெளியிடும் உரிமை ஒரு பக்கம் போனது. பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை இன்னொரு பக்கம் விற்கப்பட்டு, கடைசியில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. அவர் விலை கொடுத்துச் சட்டப்படி வாங்கியதுதான். 1947-ல் வந்த ஏவி.எம்-மின் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்களை டி.கே.பட்டம்மாள் பாட, நாடே கேட்டது.

சிக்கல் அடுத்த ஆண்டே வந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற, உரிமை யாருக்கு என்ற பிரச்னை வழக்காக மாறியது. ‘தேசத்துக்காகப் பாடிய கவிஞரின் பாட்டைத் தேசத்து மக்கள் பாட அனுமதி வாங்க வேண்டுமா?’ என்ற கேள்வி மேடைகளிலும் பத்திரிகைகளிலும் எழுந்தது.

அப்போது சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர். பாரதியின் படைப்புகளை அரசே எடுத்துக்கொள்வது என்று 1949-ல் முடிவானது. மெய்யப்பச் செட்டியார் தன்னிடம் இருந்த உரிமையைப் பணம் எதுவும் வாங்காமல் கொடுத்தார். பாரதியின் மனைவிக்கும் மகள்களுக்கும், நூல் உரிமையை வைத்திருந்த சகோதரருக்கும் அரசு பணம் கொடுத்தது. பிறகு 1950-களில் அந்த உரிமை பொதுமக்களுக்கே வழங்கப்பட்டது.

இன்று பள்ளி ஆண்டு விழாவில் ஒரு குழந்தை பாரதி பாட்டுக்கு ஆட, அதை யாரும் தடுக்க முடியாமல் இருப்பதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். பாரதிதாசன் உட்பட பல எழுத்தாளர்களின் படைப்புகளைத் தமிழக அரசு பிறகு நாட்டுடைமை ஆக்கியதும் இந்த வழியில்தான். குடும்பத்துக்கு ஒரு தொகை, மக்களுக்கு எழுத்து. இலவசம்தான், ஆனால் கணக்குத் தீர்க்கப்பட்ட இலவசம்.

விளம்பரம் கொடுக்கும் காசு

இப்போது போனுக்கு வருவோம். இன்று பெரும்பாலானவர்கள் கேட்கும் இலவசப் பாட்டுக்குக் காசு கொடுப்பவர் விளம்பரதாரர்.

யூடியூபில் சரிகம தமிழ், சோனி மியூசிக் சவுத், திங்க் மியூசிக் போன்ற நிறுவனங்கள் தங்கள் பாடல்களைத் தாங்களே வெளியிடுகின்றன. இவற்றில் சரிகம என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எச்.எம்.வி. என்ற பெயரில் தெரிந்த அதே பழைய கிராமபோன் கம்பெனி. நாம் பார்க்கும் விளம்பரத்தின் வருமானத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது. 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதை அவர்கள் எழுதிக் கொடுத்து இழந்துவிட முடியாது. அந்தப் பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையை ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு செய்கிறது.

ரசிகர் ஒருவர் தன் சேனலில் ஏற்றிய பாட்டும் பல நேரம் யூடியூபில் நீக்கப்படாமல் இருக்கும். பாட்டை யூடியூபின் கணினியே அடையாளம் கண்டு உரிமையாளருக்குச் சொல்லிவிடும். ‘இருக்கட்டும், விளம்பரக் காசு எங்களுக்கு வரட்டும்’ என்று பல நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன. ஆனாலும் அதிகாரபூர்வ சேனலில் கேட்பதே நல்லது. ஒலியும் தெளிவாக இருக்கும், பாட்டு திடீரென்று காணாமலும் போகாது.

பாட்டுக்கென்றே இருக்கும் ஆப்களில் ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தது. ஜியோசாவன் அதற்கு முன்பே இருக்கிறது. இரண்டிலும் விளம்பரத்துடன் இலவசமாகக் கேட்கலாம். நினைத்தபடி பாட்டைத் தாண்டிப் போவது, இணையம் இல்லாதபோது கேட்பதற்காகச் சேமித்து வைப்பது போன்ற வசதிகளுக்குக் கட்டணம் கேட்பார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஆப் தரும் இலவசம் நிரந்தரம் இல்லை. ஒரு காலத்தில் எல்லோர் போனிலும் இருந்த கானா, 2022-ல் கட்டண முறைக்கு மாறியது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024-ல் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த பாட்டு வரிசை ஒரே நாளில் போய்விடும். அதனால் பிடித்த பாட்டுகளின் பட்டியலை ஒரு டைரியிலோ, போனின் குறிப்பேட்டிலோ தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆப் போனாலும் பட்டியல் இருக்கும்.

டேட்டா செலவையும் கணக்குப் பாருங்கள். சாதாரணத் தரத்தில், அதாவது 128 கே.பி.பி.எஸ். வேகத்தில் ஒரு மணி நேரம் பாட்டு மட்டும் கேட்டால் ஏறக்குறைய 58 எம்.பி. ஆகும். அதையே வீடியோவாக ஓடவிட்டால் பல மடங்கு ஆகும். சமையல் செய்துகொண்டே கேட்கப் படம் எதற்கு? யூடியூபில் வீடியோவின் தரத்தைக் குறைத்து வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

அரசாங்கம் கொடுக்கும் காசு

இதைப் பலர் மறந்தே போனார்கள். அகில இந்திய வானொலி இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்குப் புதுச்சேரி, திருச்சி, சென்னை, காரைக்கால் நிலையங்கள் எல்லாம் பழக்கமானவை. வரிப்பணத்தில் நடக்கும் வானொலி என்பதால், நாம் கேட்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவகையில் நாமே காசு கொடுத்துவிட்டோம்.

‘நியூஸ் ஆன் ஏர்’ என்ற பிரசார் பாரதியின் ஆப்பை வைத்துக்கொண்டால் நாடு முழுக்க இருக்கும் நிலையங்களை இலவசமாகக் கேட்கலாம். வேலைக்காக மும்பைக்கோ துபாய்க்கோ போன பிள்ளைகள் ஊர் நிலையத்தைக் கேட்கவும் இதுவே வழி. 2016 குடியரசு தினத்தன்று தொடங்கிய ‘ராகம்’ என்ற வானொலி, 24 மணி நேரமும் கர்னாடக, இந்துஸ்தானி இசைக்கென்றே இருக்கிறது. பழைய கச்சேரிகளை யூடியூபில் கேட்க பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தின் சேனல் உண்டு. 2024 நவம்பரில் வந்த ‘வேவ்ஸ்’ ஆப்பிலும் தூர்தர்ஷன், வானொலி நிகழ்ச்சிகள் கிடைக்கின்றன.

இதில் எதுவுமே வேண்டாம், டேட்டாவும் இல்லை என்றால்? பரணில் கிடக்கும் டிரான்சிஸ்டரைத் தூசு தட்டி எடுங்கள். பேட்டரி செலவு மட்டும்தான்.

கொடையாகக் கிடைக்கும் பாட்டு

இசைக்கு வள்ளல்கள் காசு கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் இசைக் கல்லூரி தொடங்கினார். தமிழ்ப் பாடல்களை மேடையேற்ற வேண்டும் என்பதற்காக 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடத்தினார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. சிதம்பரம் நடராசரைப் பாடிய முத்துத்தாண்டவர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை, நந்தன் கதையைக் கீர்த்தனைகளாக்கிய கோபாலகிருஷ்ண பாரதி ஆகியோரின் பாடல்கள் கச்சேரி மேடைக்குத் திரும்பியதில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே மனதுடன் இன்று இணையத்தில் கொடை செய்பவர்களும் இருக்கிறார்கள்.

தேவாரம் கேட்க வேண்டுமா? தருமபுரம் ஆதீனத்தின் ஆதரவில் உருவான பன்னிரு திருமுறை இணையதளத்தில் பாடல், உரை, ஓதுவார் பாடிய ஒலி எல்லாம் இலவசம். அப்பர் திருவதிகையில் பாடிய பதிகத்தைப் படித்துக்கொண்டே கேட்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பாடல் வரிகள் கிடைக்கும்.

கர்னாடக சங்கீதப் பிரியர்களுக்கு ‘சங்கீதப்ரியா’ என்ற தளம் நீண்ட காலமாக இருக்கிறது. ரசிகர்கள் சேர்த்துவைத்த கச்சேரிப் பதிவுகளைக் கட்டணம் இல்லாமல் கேட்கும் இடம் அது. கடையில் விற்கும் பதிவுகளை அங்கே ஏற்றுவதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. மார்கழியில் சபாக்கள் பலவும் தங்கள் கச்சேரிகளை யூடியூபில் நேரலையாகத் தருகின்றன. ‘பரிவாதினி’ போன்ற சேனல்கள் ஆண்டு முழுக்கவே கச்சேரிகளை ஒளிபரப்புகின்றன.

இன்னும் பின்னால் போக ஆசையா? இந்தியாவில் முதல் வணிக இசைத்தட்டுகள் பதிவானது 1902-ல், கல்கத்தாவில். கௌஹர் ஜான் போன்றவர்கள் அந்தக் காலத்தில் பாடினார்கள். பெங்களூரைச் சேர்ந்த வரலாற்று எழுத்தாளர் விக்ரம் சம்பத் தொடங்கிய ‘ஆர்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்’, இப்படிப்பட்ட பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றி, யாரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. கீறல் சத்தத்துக்கு நடுவே நூறு வருடத்துக்கு முந்தைய குரல் வரும்போது வீட்டில் பெரியவர்களையும் கூப்பிடுங்கள்.

‘இன்டர்நெட் ஆர்கைவ்’ என்ற உலகப் பொது நூலகத்திலும் தமிழ்ப் பாடல்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால், அங்கு இருப்பதெல்லாம் பொதுச் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. வெளியான ஆண்டைப் பாருங்கள். போன வருடத்துப் படப் பாட்டு அங்கே இருந்தால், அது யாரோ அனுமதியில்லாமல் போட்டதாகவே இருக்கும்.

படைத்தவரே ‘எடுத்துக்கோ’ என்று சொன்னால்

ஊர்த் திருவிழாவை, பலாப்பழ அறுவடையை, தாத்தாவின் தோட்டத்தை வீடியோ எடுத்துப் போடும் பிள்ளைகள் இன்று தெருவுக்கு ஒருவர். அதற்குப் பின்னணியில் சினிமாப் பாட்டைச் சேர்த்தால் சிக்கல் வரலாம். யூடியூபில் ‘கிளைம்’ வந்தால் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடும். அதைவிடக் கடுமையானது ‘ஸ்ட்ரைக்’. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் சேனலே போய்விடும். இரண்டு வருட உழைப்பு ஒரு பாட்டினால் வீணாகலாம்.

இவர்களுக்காகவே இருப்பது யூடியூபின் ‘ஆடியோ லைப்ரரி’. அங்கே இருக்கும் இசையை எடுத்துப் பயன்படுத்தலாம். சிலவற்றுக்கு இசையமைத்தவரின் பெயரைப் போட்டால் போதும்.

உலக அளவில் இதே எண்ணத்துடன் வந்ததுதான் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற உரிம முறை. 2002-ல் வந்த இந்த முறையில், படைத்தவரே நிபந்தனையைச் சொல்லிவிடுவார். பெயர் சொன்னால் போதும் என்பது ஒன்று. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஒன்று. மாற்றக் கூடாது என்பது ஒன்று. மாற்றினால் நீயும் இதேபோல் இலவசமாகக் கொடு என்பது ஒன்று. ‘ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ்’, ‘ஜமெண்டோ’ ஆகிய தளங்களில் இப்படிப்பட்ட இசை குவிந்திருக்கிறது. மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு ‘மியூஸ்ஓபன்’ இருக்கிறது. தமிழ்ப் பாட்டு அங்கே அதிகம் எதிர்பார்க்க முடியாது. பின்னணி இசைக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

யாருமே கொடுக்காத காசு

மீதி இருப்பது திருட்டுத் தளங்கள். பட்டன் நான்கு, பாட்டு ஒன்று. படம் வெளியான அன்றே எல்லாப் பாட்டும் டவுன்லோடு. பாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரே இருக்காது. தளத்தின் பெயர் மாதத்துக்கு ஒருமுறை மாறும். இவை எல்லாம் அடையாளங்கள். யூடியூப் இணைப்பைக் கொடுத்தால் பாட்டாக மாற்றித் தருகிறோம் என்னும் தளங்களும் யூடியூபின் விதிக்கு விரோதமானவைதான்.

காப்புரிமையைத் தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு வீட்டுக்கு அதைவிட உடனடியான ஆபத்து வேறு. ‘பாட்டுக்கான ஆப்’ என்று சொல்லி ஏ.பி.கே. ஃபைலாக இறங்கும் ஒன்று, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கியின் ஓ.டி.பி.யும் அதன் கைக்குப் போய்விடும். பாட்டு கேட்க எஸ்.எம்.எஸ். எதற்கு என்று ஒரு நொடி யோசித்தாலே தப்பித்துவிடலாம். ஆப்களை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கேட்பது வேறு, ஊருக்குப் போடுவது வேறு

வீட்டில் நாம் கேட்பதற்கும், கடையிலோ ஹோட்டலிலோ வாடிக்கையாளருக்காக ஓடவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதற்குத் தனி உரிமம் வேண்டும். ஆப்புக்குக் கட்டணம் கட்டியிருந்தாலும், அது உங்கள் சொந்தக் காதுக்கு மட்டும்தான்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுகிறோமே என்று பயப்பட வேண்டாம். உண்மையான மதச் சடங்குகளிலும், கல்யாண ஊர்வலம் உள்ளிட்ட திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டு போடுவது மீறல் ஆகாது என்று சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. டிக்கெட் போட்டு நடத்தும் இன்னிசைக் கச்சேரிக்கு அந்த விலக்கு இல்லை. 2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் அமெரிக்கப் பயணத்தின்போது இளையராஜா தரப்பிலிருந்து வந்த வக்கீல் நோட்டீஸ் நினைவிருக்கலாம். பாடியவரே மேடையில் பாட வேண்டுமானாலும், மெட்டின் சொந்தக்காரரைக் கேட்க வேண்டுமா என்று வீட்டுக்கு வீடு பேசிய நாட்கள் அவை. ஒரு பாட்டுக்கு மூன்று சொந்தக்காரர்கள் என்பது பலருக்கும் அப்போதுதான் தெரியவந்தது.

கூத்துக் கலைஞருக்கும் உரிமை உண்டு

இவ்வளவும் சினிமாக் கம்பெனிகளின் கவலை, நமக்கென்ன என்று தோன்றலாம். கடலூர் மாவட்டத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. தெருக்கூத்து இன்னும் விடிய விடிய நடக்கும் பூமி இது. நாதஸ்வரம், தவில், பம்பை, உடுக்கை வாசித்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

கூத்து நடக்கும்போது யாரோ ஒருவர் முழு இரவையும் செல்போனில் எடுத்துத் தன் சேனலில் போடுகிறார். லட்சம் பேர் பார்க்கிறார்கள். காசு சேனல்காரருக்கு. கர்ணனாக வேஷம் கட்டி விடியும் வரை பாடியவருக்கு அன்றைய கூலி மட்டும். கதை பொது, பாட்டும் பரம்பரையாக வந்தது என்பதால் அவருக்கு உரிமையே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அவரும் அப்படித்தான் நினைக்கிறார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிகழ்த்துக் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை இருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் அதைப் பதிவு செய்து வெளியிடுவது மீறல். நம் சொந்த நினைவுக்காக எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஊருக்குப் போடுவதாக இருந்தால் ஜமா வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வருமானம் வந்தால் பங்கு கொடுக்க வேண்டும். குழுவே தங்கள் பெயரில் சேனல் தொடங்கினால் இன்னும் நல்லது. அதைத் தொடங்கிக் கொடுக்க அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளை போதும்.

அப்படி ஒரு சேனலை நீங்கள் கண்டால், விளம்பரத்தைத் தாண்டிப் போகாமல் முழுக்கப் பாருங்கள். சப்ஸ்கிரைப் செய்யுங்கள். பத்துப் பேருக்கு அந்த இணைப்பையே அனுப்புங்கள், வீடியோவை இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால் கணக்கு சரியான இடத்தில் போய்ச் சேரும்.

பாரதியின் பாட்டு நமக்கு இலவசமாகக் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்று பாடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களுக்குச் சேர வேண்டியது சேரும்படி கேட்பதற்கு வழியும் இருக்கிறது.